செய்ததும் செய்த காரணமும்

ஒரு காரியத்தைச் செய்து முடிப்பவர்கள் அதன் பலனைப் பின்வருவோருக்கு விட்டுச் செல்கிறார்கள். ஆனால் அதை ஏன் செய்தார்கள் என்ற காரணத்தையும் கூடவே விட்டுச் செல்பவர்கள் மிகச் சிலரே. கணினிக்கென எழுதப்படும் நிரல்களின் உலகில் இந்தக் குறை மிகவும் கூர்மையாக வெளிப்படுகிறது. வங்கிக் கணக்கையும் ரயில் முன்பதிவையும் மருத்துவமனைப் பதிவேட்டையும் இன்று நடத்துகின்ற நிரல்கள், ஒருவர் எழுதி, மற்றொருவர் திருத்தி, மூன்றாமவர் காத்து வருபவை. எழுதியவர் வேறு ஊருக்கோ வேறு நிறுவனத்துக்கோ போன பின்னும் பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று ஓயாமல் உழைப்பவை. அப்படிப்பட்ட நிரலில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "இது ஏன் இங்கே இருக்கிறது? இதை எடுத்துவிட்டால் என்ன கெடும்?" என்று புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவர் கேட்கும்போது, விடை சொல்ல ஆள் இல்லாமற் போவது அத்தொழிலில் அன்றாட அனுபவம்.

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்படி செய்ய, நிரலாளர்கள் மிக எளிய ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், அந்த மாற்றத்துக்குக் காரணமாயிருந்த வேலையின் எண்ணோடு இணைத்து வைப்பதே அது. சென்னையிலும் கோவையிலும் இத்தொழிலில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இதை நாள்தோறும் செய்கிறார்கள். செய்வதை வீட்டாருக்கு விளக்கிச் சொல்லும் சந்தர்ப்பந்தான் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. பார்வைக்கு ஓர் அலுவலகச் சம்பிரதாயமாகத் தோன்றும் இவ்வழக்கத்துக்குப் பின்னால், வேலை செய்வோர் தமக்குப் பின் வருவோரிடம் கொண்டிருக்க வேண்டிய கடமையுணர்ச்சி இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டு ஏடுகள்

மென்பொருள் எழுதும் எந்த இடத்திலும் இரண்டு ஏடுகள் உண்டு. முதலாவது, நிரலில் நிகழும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஏடு. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்டு என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்ற சாதனத்தை உருவாக்கியது முதல் இந்த ஏட்டின் சரித்திரம் தொடங்குகிறது எனலாம். 1982-இல் வால்டர் டிச்சி ஆர்.சி.எஸ். என்பதையும், 1986-இல் டிக் க்ரூனே சி.வி.எஸ். என்பதையும் வெளியிட்டார்கள், 2000-ஆம் ஆண்டில் சப்வெர்ஷன் என்பது தொடங்கப்பெற்றது. இவற்றுக்கெல்லாம் பின்னர், லினக்ஸ் என்ற இயங்குதளக் கருநிரலைத் தோற்றுவித்த லினஸ் டார்வால்ட்ஸ், அதுவரை தம் குழு பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் என்ற சாதனத்தின் இலவச உரிமை திரும்பப் பெறப்பட்டதால், 2005 ஏப்ரலில் தாமே எழுதிய கிட் என்பதுதான் இன்று உலகெங்கும் பெருவழக்காக இருப்பது.

கிட் ஏட்டில் ஒரு மாற்றத்தைப் பதிவு செய்வதைக் கமிட் என்கிறார்கள். ஒவ்வொரு கமிட்டிலும், அந்த வேளையில் நிரல் முழுவதும் இருந்த நிலை, அதற்கு முந்திய கமிட் எது என்ற குறிப்பு, எழுதியவரின் பெயர், நாள், நேரம், இவற்றோடு அவர் தம் சொற்களில் எழுதிய ஒரு சிறு செய்தி ஆகியவை அடங்கியிருக்கும். இவை அனைத்தையும் ஒருசேரக் கணித்து, நாற்பது இலக்கம் கொண்ட ஒரு குறியீடு அந்தக் கமிட்டுக்குப் பெயராக வழங்கப்படுகிறது. செய்தியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தக் குறியீடு மாறிவிடும். அதற்குப் பின் வந்த கமிட்டுகளின் குறியீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவிடும். ஆகையால், ஒருமுறை பலரோடும் பகிர்ந்துகொண்ட கமிட்டின் செய்தியை ஓசைப்படாமல் திருத்திவிட எவராலும் இயலாது. எழுதும்போதே சிரத்தையாக எழுத வேண்டும் என்ற நியதி இந்த அமைப்பிலேயே பொதிந்து கிடக்கிறது.

இரண்டாவது ஏடு, செய்ய வேண்டிய வேலைகளின் பலகை. டொயோட்டா தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ என்ற பொறியியலாளர் வளர்த்தெடுத்த கான்பான் அட்டை முறையிலிருந்து வந்த கருத்து இது. செய்ய வேண்டியவை, நடப்பில் உள்ளவை, சரிபார்ப்பில் உள்ளவை, முடிந்தவை என்று பத்திகள் வகுத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை எழுதி, வேலை முன்னேறும்தோறும் அட்டையைப் பத்தி மாற்றி நகர்த்துவார்கள். மோசில்லா குழுவினர் 1998-இல் வெளியிட்ட பக்சில்லா, ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-இல் கொணர்ந்த ஜிரா, 2011-இல் வந்த டிரெல்லோ ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. பக்சில்லா பிழைகளைப் பட்டியலிடுவதற்கென்றே பிறந்தது. டிரெல்லோ அட்டைப் பலகையாகவே பிறந்தது. ஜிரா இரண்டு காரியத்துக்கும் பயன்படுகிறது. அட்டை, டிக்கெட், இஷ்யூ என்று எப்பெயரால் அழைத்தாலும் அதனுள் இருப்பது ஒன்றே: குறையைச் சொன்னவர் யார், என்ன நேர்ந்தது, எப்படித் தீர்க்கலாம் என்று யார் யார் என்ன யோசனை சொன்னார்கள், அவற்றுள் எது ஏற்கப்பட்டது, எது எக்காரணத்தால் தள்ளப்பட்டது என்ற விவாதம் முழுவதும் அங்கே கிடக்கும்.

முதல் ஏடு செய்ததைச் சொல்கிறது. இரண்டாம் ஏடு செய்த காரணத்தைச் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்களில், ஒன்றை ஒன்று அறியாமல் கிடக்கும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. நிலத்துக்குப் பத்திரம் ஓர் அலுவலகத்திலும் அளவை வரைபடம் மற்றோர் அலுவலகத்திலும் இருக்க, இரண்டும் ஒரே வயலைப் பற்றியவைதாம் என்று நிச்சயப்படுத்துவது சர்வே எண். அந்த எண் எழுதப்படாத பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலைத் தேடுபவரின் நிலையில்தான், வேலை எண் குறிக்கப்படாத கமிட்டைக் கையில் வைத்திருக்கும் நிரலாளர் இருக்கிறார்.

373 என்ற எண்

இந்த இணைப்பு செய்யும் உபகாரத்தைப் பொதுவாகச் சொல்வதைவிட, ஓர் உண்மை உதாரணத்தை அருகே வைத்துப் பார்ப்பது நலம். இணையதளங்களைக் கட்டுவதற்கு உலகெங்கும் பயன்படும் ஜாங்கோ என்ற கட்டமைப்பு, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் வெளிவரும் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் பிறந்து, 2005 ஜூலையில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. அதே ஆண்டில், டிராக் என்ற சாதனத்தில் அமைந்த அதன் வேலைப் பட்டியலில், 373 என்ற எண்ணில் ஒரு கோரிக்கை பதிவாயிற்று. தகவல் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் சாவி ஒரே பத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜாங்கோ விதித்திருந்தது. இரண்டு பத்திகள் சேர்ந்து ஒரு சாவியாகவும் அமைய இடமளிக்க வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை. ஒரு கடையின் ஆர்டர் எண்ணையும் அதில் அடங்கிய பொருளின் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று தெரியும் சந்தர்ப்பங்கள் பல உண்டு. ஆகவே கோரிக்கை நியாயமானதே. ஆனால் ஜாங்கோவின் உள்ளமைப்பு முழுவதும் ஒற்றைச் சாவியை நம்பியே எழுந்திருந்தபடியால், அதை நிறைவேற்றுவது சுலபமாக இல்லை.

பல்லாண்டுகள் கழிந்தன. விவாதம் வளர்ந்தது, முயற்சிகள் தோன்றி நின்றன, மீண்டும் தோன்றின. இதற்கிடையே ஜாங்கோவின் நிரல் ஏடே சப்வெர்ஷனை விட்டுக் கிட்டுக்கு மாறி, 2012-இல், கிட் ஏடுகளை வைத்துப் பேணும் கிட்ஹப் என்ற தளத்தில் குடியேறியது. வேலைப் பட்டியலோ பழைய டிராக்கிலேயே நின்றது. கடைசியாக 2024 நவம்பரில் அந்த வசதியைச் சேர்க்கும் கமிட் ஏட்டில் ஏறியபோது, அதன் தலைவரி "ஃபிக்ஸ்டு #373" என்று தொடங்கிற்று. 2025 ஏப்ரலில் வெளியான ஜாங்கோ 5.2 பதிப்பில் அந்த வசதி மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

2005-இல் ஒருவர் எழுதிய கோரிக்கையையும், அதைத் தொடர்ந்த விவாதங்களையும், நிறைவேற்றிய நிரலையும் மூன்றே இலக்கங்கள் கட்டி வைத்திருக்கின்றன. இன்று அந்த நிரலின் ஒரு வரியில் ஐயம் கொள்பவர், அவ்வரியை எழுதிய கமிட் எது என்று கிட்டின் 'பிளேம்' கட்டளையால் கண்டு, அதன் செய்தியில் உள்ள எண்ணைக் கொண்டு பட்டியலுக்குச் சென்று, ஏன் இப்படி அமைத்தார்கள், வேறெந்த வழிகள் யோசிக்கப்பட்டன என்பதையெல்லாம் அமர்ந்து படிக்கலாம். அப்பட்டியலில் ஒவ்வொரு டிக்கெட்டும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, திருத்தம் வந்துவிட்டதா, சோதனை எழுத வேண்டியிருக்கிறதா, விளக்கக் குறிப்பு தேவையா என்பவையும் தனித்தனியே பதிந்திருக்கும்.

ஜாங்கோவின் விதியில் கவனிக்கத் தக்க நுட்பம் ஒன்று உண்டு. வேலையை முற்றிலும் முடிக்கும் கமிட் 'ஃபிக்ஸ்டு' என்றும், அதற்குத் துணையாகச் செய்த முன்னேற்பாடு 'ரெஃப்ஸ்' என்றும் தொடங்க வேண்டும். முன்னது டிக்கெட்டை மூடிவிடும். பின்னது டிக்கெட்டில் தன் குறிப்பை மட்டும் சேர்க்கும். 373-ஆம் எண்ணுக்கும் முன்னேற்பாடான கமிட்டுகள் 'ரெஃப்ஸ்' என்ற அடையாளத்தோடு முன்னதாகவே ஏறியிருந்தன. பழைய பதிப்பொன்றிலும் அதே திருத்தம் வேண்டுமானால், அப்பதிப்பின் எண்ணை முகப்பில் எழுதி, மூலக் கமிட்டின் நாற்பது இலக்கக் குறியீட்டையும் செய்தியின் அடியில் குறித்து விடுவார்கள். இவ்விதம் வேலைக்கும் மாற்றத்துக்கும் உள்ள உறவோடு, மாற்றத்துக்கும் மாற்றத்துக்கும் உள்ள உறவும் பதிவாகிவிடுகிறது.

இணைப்பு நடைபெறும் விதம்

எண்ணை எழுதுவது மனிதர். அதைப் படித்து இரண்டு ஏடுகளையும் சேர்ப்பது இயந்திரம். நிரலாளர் தம் கமிட்டுகளைப் பொது ஏட்டுக்கு அனுப்பியவுடன், அந்த ஏட்டை வைத்திருக்கும் தளம், பலகையை வைத்திருக்கும் தளத்துக்கு ஒரு சிறு தகவலை அனுப்புகிறது. இதற்கு வெப்ஹூக் என்று பெயர். அத்தகவலில் எந்த ஏட்டில், எந்தக் கிளையில் (ஒரே ஏட்டினுள் தனித்தனியே வளரும் மாற்ற வரிசைக்குக் கிளை என்று பெயர்), யார், எந்தச் செய்தியோடு கமிட் செய்தார் என்ற விவரங்கள் இருக்கும். இரு தளங்களுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியச் சொல் ஒன்றைக் கொண்டு கணித்த முத்திரையும் அதனுடன் வரும். இல்லையேல், யாரோ ஒருவர் பொய்த் தகவல் அனுப்பிப் பலகையில் உள்ள வேலைகளையெல்லாம் முடிந்துவிட்டதாகக் காட்டிவிடலாமல்லவா? முத்திரை சரியென்று கண்ட பின், பலகைத் தளம் செய்தியில் எண் இருக்கிறதா என்று தேடுகிறது. ஜிராவில், திட்டத்தின் சுருக்கப் பெயராகிய சில பெரிய எழுத்துக்கள், ஒரு சிறு கோடு, அதன்பின் எண் என்பது அடையாளம். கிட்ஹபில் '#' என்ற குறியும் எண்ணும்.

எண்ணைக் கண்டால் அந்த அட்டையின் கீழ்க் கமிட்டின் விவரம் ஏறிவிடும். எண்ணுக்கு முன்னால் வினைச்சொல்லும் இருந்தால் அட்டையின் நிலையும் மாறும். கிட்ஹபில் இதற்கென ஒன்பது சொற்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன: க்ளோஸ், ஃபிக்ஸ், ரிசால்வ் என்ற மூன்றும், அவற்றின் வேறு உருவங்கள் ஆறும். ஆனால் சொல்லை எழுதிய கணமே அட்டை மூடப்படுவதில்லை. அந்த மாற்றம், எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் முதன்மைக் கிளையில் சேர்ந்த பிறகே மூடப்படும். ஒருவர் தம் சொந்தக் கிளையில் எழுதி வைத்திருப்பது முயற்சி. பிறர் சரிபார்த்து முதன்மைக் கிளையில் ஏற்றுக்கொண்டதே முடிவு என்ற விவேகம் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. ஜிராவில் இன்னும் சில வசதிகள் உண்டு. செலவிட்ட நேரத்தையும், அட்டையில் சேர்க்க வேண்டிய குறிப்பையும் கமிட் செய்தியிலேயே எழுதி அனுப்பலாம். எழுதியவரின் மின்னஞ்சல் முகவரி ஜிராவில் பதிந்துள்ள முகவரியோடு பொருந்தினால்தான் அவை செல்லுபடியாகும்.

எண்ணை எழுத மறப்பவர்கள் எங்கும் உண்டு. அதற்காகக் கமிட் நிறைவேறும் முன்பே செய்தியைச் சோதித்து, எண் இல்லையேல் திருப்பியனுப்பும் காவல் ஒன்றைக் கிட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம். கிளையின் பெயரிலேயே வேலையின் எண்ணைச் சேர்த்துவிட்டு, அதிலிருந்து எண்ணைத் தானாக எடுத்துச் செய்தியில் பொருத்தும் ஏற்பாடும் பல குழுக்களில் இருக்கிறது.

பலகை மட்டுமே இடமல்ல

இவ்வழக்கம் பலகைகளோடு பிறந்ததும் அன்று. அவற்றோடு நின்றுவிடுவதும் அன்று. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில், ஒவ்வொரு பொதிக்கும் மாற்றக் குறிப்பேடு ஒன்று உண்டு. அதில் 'க்ளோசஸ்' என்று எழுதிப் பிழையின் எண்ணைக் குறித்தால், புதிய பொதி ஏற்கப்பட்டவுடன் அந்தப் பிழை தானாகவே மூடப்படும். புகார் செய்தவருக்கும் மின்னஞ்சலில் செய்தி போய்ச் சேரும். தாம் சொன்ன குறை தீர்ந்துவிட்டது என்பதை, வேறொரு தேசத்தில் இருக்கும் முகமறியாத ஒருவர் இவ்விதம் அறிந்துகொள்கிறார். இணைப்பின் பயன் நிரலாளர்களோடு நிற்காமல் சாதாரணப் பயனாளிகள் வரை எட்டுகிறது என்பதற்கு இது நல்ல பிரமாணம்.

லினக்ஸ் கருநிரலை எழுதுவோர் ஆயிரக்கணக்கானவர். அவர்களுடைய யோசனைகள் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே நடைபெறுகின்றன. எல்லோருக்கும் பொதுவான பணிப்பலகை என்று ஒன்று அங்கே இல்லை. ஆயினும் இணைப்பு இருக்கிறது. ஒரு பிழையைத் திருத்தும் கமிட்டின் அடியில், 'ஃபிக்சஸ்' என்று எழுதி, அப்பிழையை முதலில் உண்டாக்கிய கமிட்டின் குறியீட்டில் முதல் பன்னிரண்டு இலக்கங்களையும் அதன் தலைவரியையும் குறிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பிழையைத் தெரிவித்தவரின் பெயர், விவாதம் நடந்த மின்னஞ்சலின் முகவரி ஆகியவற்றுக்கும் தனித்தனி வரிகள் உண்டு. பழைய பதிப்புகளைப் பாதுகாத்து வருபவர்கள், பிழையை உண்டாக்கிய கமிட் தங்கள் பதிப்பில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் திருத்தத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுகிறார்கள். உலகத்துத் தொலைபேசிகளிலும் சேவையகங்களிலும் எந்தத் திருத்தம் போய்ச் சேர வேண்டும் என்பதை முடிவு செய்ய அந்த ஒற்றை வரி உதவுகிறது.

ஒரு பெரும் பிழையின் தடம்

2014 ஏப்ரல் 7-ஆம் தேதி, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்த 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இணையத்தில் ரகசியமாகச் செல்ல வேண்டிய தகவல்களைக் காக்கும் அந்த மென்பொருள், எதிர்த்தரப்பு சொன்ன நீளத்தைச் சரிபாராமல் நம்பியதால், சேவையகத்தின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை பிறர் கவர்ந்து செல்ல வழி திறந்திருந்தது. கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும் அதில் அகப்படக் கூடும் என்பதால் எங்கும் பெருங்கலக்கம் உண்டாயிற்று.

இது எப்போது, எப்படி உள்ளே நுழைந்தது என்ற கேள்வி எழுந்தபோது, ஏடு தயங்காமல் விடை கூறிற்று. 2011 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு பதிந்த ஒரு கமிட்டில், இந்தப் பிழையைக் கொண்ட வசதி சேர்க்கப்பட்டிருந்தது. 2012 மார்ச் 14-இல் வெளியான 1.0.1 பதிப்பில் அது உலகெங்கும் பரவியது. அந்தக் கமிட்டின் செய்தி மிகச் சுருக்கமானது: வேலைப் பட்டியலில் 2658 என்ற எண், அனுப்பியவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், என்ன வசதி என்று ஒரு வரி. சுருக்கமேயானாலும், வசதி யாரிடமிருந்து வந்தது, வேறொருவர் பார்த்துத்தான் ஏற்றாரா, கோரிக்கை எங்கே பதிவாயிருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருந்தது. சந்தேகங்களும் அவதூறுகளும் பறந்த நாட்களில், வெளிப்படையான இந்தத் தடம் எத்தனை உறுதுணையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிழையைத் திருத்திய கமிட்டின் செய்தியை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பிரயோஜனம் உள்ளது. அதில் எந்தச் சோதனை விடுபட்டிருந்தது, அதனால் எவ்வளவு நினைவகம் வெளியாகக் கூடும், கண்டுபிடித்தவர் யார், திருத்தத்தைத் தயாரித்தவர்கள் யார் என்பவற்றோடு, உலகப் பொதுப் பட்டியலில் அப்பிழைக்கு அளிக்கப்பட்ட எண்ணும் எழுதப்பட்டிருக்கிறது. எண் வெளியேட்டுக்கு வழி காட்டுகிறது; சொற்களோ காரணத்தை அந்த இடத்திலேயே சொல்லிவிடுகின்றன. எண்ணும் சொற்களும் சேர்ந்திருக்கும் இந்த இரண்டாம் செய்தியே பின்பற்றத் தக்க மாதிரி.

எண் மட்டும் போதாது

ஏனெனில், ஏடுகளுக்கும் ஆயுள் உண்டு. பைத்தான் மொழியின் பிழைப்பட்டியல் பல ஆண்டுகள் ஒரு தனித்தளத்தில் இருந்து வந்தது. கமிட்டுகளில் 'பிபிஓ' என்ற முன்குறியோடு அத்தளத்தின் எண்ணை எழுதி வந்தார்கள். 2022 ஏப்ரலில் அப்பட்டியல் முழுவதும் கிட்ஹபுக்கு மாற்றப்பட்டபோது, ஒவ்வொரு பிழைக்கும் புதிய எண் கிடைத்தது. பொறுப்பு மிக்க குழுவினராதலால், பழைய தளத்தை அவர்கள் அழித்துவிடாமல் படிப்பதற்கு மட்டும் திறந்து வைத்தார்கள். பழைய எண்ணிலிருந்து புதிய இடத்துக்குச் செல்லவும் வழி செய்தார்கள். இவ்வளவு அக்கறை எல்லா நிறுவனங்களுக்கும் வாய்த்துவிடாது. பலகைக்குக் கட்டும் சந்தாவை நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாறும் நிறுவனத்தில், பழைய கமிட்டுகளில் உள்ள எண்கள் யாவும் ஒரே நாளில் பொருளற்றவை ஆகிவிடலாம். அப்போது காப்பாற்றுவது, கமிட் செய்தியில் காரணத்தைச் சொல்லி எழுதிய இரண்டு வாக்கியங்களே.

ஆராய்ச்சியாளர்களும் இந்த இணைப்பைப் பெரிதும் நம்பி இருக்கிறார்கள். 2005-இல் ஷ்லிவெர்ஸ்கி, ஸிம்மர்மன், ஸெல்லர் என்ற மூவர், மோசில்லா, எக்லிப்ஸ் என்ற இரு திட்டங்களின் கமிட் செய்திகளையும் பக்சில்லா எண்களையும் பொருத்திப் பார்த்து, பிழையைத் திருத்திய மாற்றத்திலிருந்து பின்னோக்கிச் சென்று பிழையை உண்டாக்கிய மாற்றத்தைக் கண்டறியும் முறையொன்றை வகுத்தார்கள். பெரிய மாற்றங்களே பிழைக்கு அதிகம் இடங்கொடுக்கின்றன என்பது அதில் தெரிய வந்த உண்மைகளுள் ஒன்று. பின்னர் 2009-இல் வந்த மற்றோர் ஆய்வு ஓர் எச்சரிக்கையைத் தந்தது: திருத்தப்பட்ட பிழைகளில் ஒரு பகுதிக்குத்தான் கமிட்டோடு இணைப்பு இருக்கிறது, அந்தப் பகுதியை மட்டும் பார்த்து முழுமையைப் பற்றி முடிவு கட்டினால் அது ஒருதலைப்பட்சமாகிவிடும். எழுத மறந்த எண்கள், எழுதியவற்றின் சாட்சியத்தையும் பலவீனப்படுத்துகின்றன.

கட்டாயத்தால் மட்டும் இந்தக் குறை நீங்கிவிடாது. எண் இல்லையேல் கமிட் ஏறாது என்று காவல் வைத்துவிட்டு, ஏன் என்று விளக்காமல் விட்டால், கையில் கிடைத்த எண்ணை எழுதிவிட்டுப் போகும் பழக்கம் தோன்றும். 'பலவகை வேலைகள்' என்று ஓர் அட்டையைத் திறந்து வைத்து, எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுவதும் நடக்கும். எண் இல்லாத கமிட்டைவிடப் பொய் எண் உள்ள கமிட் தீயது. முன்னது தேடுபவரை நிறுத்துகிறது, பின்னது தவறான இடத்துக்கு அனுப்புகிறது. பைத்தான் குழுவினர் இதற்கு நல்லதொரு வழி கண்டிருக்கிறார்கள். எண் இருக்கிறதா என்று ஒரு தானியங்கி சோதிக்கும். ஆனால் எழுத்துப்பிழை திருத்தம் போன்ற அற்பமான மாற்றங்களுக்கு எண் வேண்டியதில்லை என்று வெளிப்படையாக அடையாளமிட்டு விலக்களிக்கவும் அங்கே இடம் உண்டு. உண்மையைச் சொல்ல விதி இடங்கொடுத்தால், பொய் சொல்ல அவசியம் ஏற்படுவதில்லை.

இதைவிடக் கேடானது, இந்த இணைப்பை மனிதரை எடைபோடும் தராசாக்குவது. இன்னார் இவ்வாரத்தில் இத்தனை அட்டைகளை மூடினார், இத்தனை கமிட்டுகள் செய்தார் என்று கணக்கெடுத்து ஊதியத்தையும் உயர்வையும் முடிவு செய்யத் தலைப்பட்டால், ஒரு வேலையைப் பத்தாகப் பிரித்துப் பத்து எண்கள் வாங்கும் சாமர்த்தியம் வளருமே தவிர, நிரல் வளராது. பத்து நாள் தேடிக் கண்டுபிடித்த பிழை ஒற்றை வரித் திருத்தத்தில் முடிவதும் உண்டு; அரை மணி நேரத்தில் ஆயிரம் வரிகளை இடம் மாற்றுவதும் உண்டு. எண்ணிக்கை இவ்விரண்டையும் பகுத்தறியாது. மேலும், தம்மை அளக்கப் போகும் ஏடு என்று தெரிந்துவிட்டால், உள்ளதை உள்ளபடி எழுதும் மனம் எவருக்கும் வராது. காரணத்தைக் காப்பதற்காக ஏற்பட்ட ஒன்றைக் கண்காணிப்பதற்காகத் திருப்பினால், காரணமும் கிடைக்காது, கண்காணிப்பும் பலிக்காது.

செய்ய வேண்டியது

ஆகவே, இவ்வழக்கத்தைக் கைக்கொள்ள விரும்பும் எந்தக் குழுவும் மூன்று காரியங்களை மனத்தில் வைத்தால் போதும். ஒரு கமிட்டில் ஒரு வேலையை மட்டும் செய்ய வேண்டும். இரண்டு வேலைகள் கலந்த மாற்றத்துக்கு எந்த எண்ணை எழுதினாலும் அது பாதி உண்மையே. முடிந்த வேலைக்கும் முடியாத வேலைக்கும் வெவ்வேறு சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அரைகுறை வேலையை முடிந்ததாகக் காட்டும் பலகை, இல்லாத பலகையைவிட மோசமானது. எண்ணோடு காரணத்தையும் சில வாக்கியங்களில் எழுத வேண்டும். என்ன மாற்றினோம் என்பதை நிரலே காட்டும், ஏன் மாற்றினோம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

விமானங்களில் இயங்கும் மென்பொருளுக்கு இவ்விஷயத்தில் விருப்பத்துக்கே இடமில்லை. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான டி.ஓ-178சி என்ற நெறிமுறை, உயிருக்கு ஆபத்து விளையக் கூடிய நிரல்களில், ஒவ்வொரு தேவையும் நிரலின் எப்பகுதியில் நிறைவேறுகிறது என்பதையும், நிரலின் ஒவ்வொரு பகுதியும் எந்தத் தேவைக்காக எழுந்தது என்பதையும் இருவழியாகவும் காட்ட வேண்டும் என்று விதிக்கிறது. எந்தத் தேவையோடும் சேராத நிரல் பகுதி ஒன்று இருந்தால், அது ஏன் இருக்கிறது என்று விளக்கியாக வேண்டும். ஆகாயத்தில் செல்லும் பிரயாணிகளின் உயிரைக் கருதி வகுத்த விதி அது. வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எழுதப்படும் நிரல்களும் மக்களுடைய பணத்தையும் ஆரோக்கியத்தையும் எதிர்காலத்தையும் தாங்கி நிற்பவைதாம். அங்கே சட்டம் கேட்கவில்லை என்பதற்காகக் காரணத்தை எழுதாமல் விடுவது நியாயமாகாது.

ஓர் எண்ணையும் இரண்டு வாக்கியங்களையும் எழுத ஒரு நிமிஷம் பிடிக்கலாம். அந்த நிமிஷத்தைச் சிக்கனம் செய்பவர், நாளை அந்த இடத்தில் உட்காரப் போகும் ஒருவரிடமிருந்து பல நாட்களைக் கடன் வாங்குகிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் தொழிலுக்குப் புதியவராக, கேட்க யாருமின்றித் திகைப்பவராக இருப்பார். வேலையில் தேர்ச்சி பெற்றவர் என்று ஒருவரை மதிப்பதற்கு, அவர் எழுதிய நிரல் ஓடுகிறதா என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. அவர் இல்லாத நாளிலும் பிறர் அதைப் புரிந்துகொண்டு அச்சமின்றித் திருத்த முடிகிறதா என்பதையும் சேர்த்தே மதிக்க வேண்டும். மேலதிகாரிகள் இதை மதிக்கக் கற்றுக்கொண்டால், இளைஞர்கள் தாமாகவே எழுதக் கற்றுக்கொள்வார்கள்.